ஒன்றும் ஆகவில்லை

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் என் தமக்கை குடியிருக்கிறாள். அவளுடைய மகனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள், அன்று நிச்சயதார்த்தம். தாய்மாமன் வராமல் தாம்பூலத் தட்டு மாற்றுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகையால் நேரத்தோடுதான் புறப்பட்டிருந்தேன். நாற்பது கிலோமீட்டர் கூட இல்லாத தூரம். அவசரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு சாலை நேராகவும் வெறிச்சென்றும் கிடந்தது. வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து ஆசனத்தில் கிடந்த கைப்பேசி மணியடித்தது. நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையின் உதவி ஆசிரியர் பேசினார். சென்ற வார அத்தியாயத்தைப் பாராட்டி ஒரு வாசகி எழுதிய கடிதத்தை எனக்குப் படித்துக்காட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை. "இரண்டே நிமிஷம் சார், கேட்டால் சந்தோஷப்படுவீர்கள்" என்றார். 'வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்' என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. அதை நான் சொல்லவில்லை. "படியுங்கள்" என்றேன்.

அவர் படித்தார். நான் படைத்த ஒரு கதாபாத்திரம் அழுத இடத்தில் தாமும் அழுததாக அந்த அம்மாள் எழுதியிருந்தார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட இன்பமான சொல் உலகத்தில் வேறு கிடையாது. "கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது சார். கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்" என்றார். நான் கைப்பேசியைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தேன். மூன்று விநாடிகள் இருக்கலாம்.

தலையை நிமிர்த்தியபோது, சாலை நடுவே தடுப்புச் சுவர் இடைவெளிவிட்டிருந்த இடத்திலிருந்து ஒரு கிழவி சாலையில் இறங்கிக்கொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு கட்டு மல்லாட்டைக் கொடி. நான் பிரேக்கை மிதித்தேன். டயர்கள் கதறின. கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், அவளுக்கும் எனக்கும் இரண்டு முழ தூரம் இருக்கும்போது நின்றது. கட்டு கீழே விழுந்து கொடிகள் சாலையில் சிதறின. கிழவி அப்படியே நின்றாள்.

நான் இறங்கி ஓடினேன். கை கால் நடுங்கியவன் நான்தான், அவள் நடுங்கவில்லை. குனிந்து கொடிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பொறுக்கினேன். என் கையில் கைப்பேசி இன்னும் இருந்தது. அதிலிருந்து, "சார், சார்! லைனில் இருக்கிறீர்களா?" என்ற குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கிழவி அதைப் பார்த்தாள்; பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"வூட்ல யாருக்காவது ஒடம்பு முடியலியா தம்பி?" என்று கேட்டாள்.

"ஆமாம் ஆயா" என்றேன்.

"பாத்துப் போ. ஒண்ணும் ஆவல, போ" என்று சொல்லிவிட்டு, கட்டைத் தூக்கிவிடச் சொல்லி, தலையில் ஏற்றிக்கொண்டு அவள் தன் வழியே போய்விட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். தாம்பூலத் தட்டு மாற்றினோம். வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். ஆனால் அந்தச் சொற்கள் அன்று முதல் என்னை விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதானா? உண்மையென்றால் நான் ஏன் அந்தக் கிழவியிடம் பொய் சொன்னேன்?

இந்தக் கேள்வியை வாசகர்களுக்கு முன்னால் வைத்து யோசிக்க விரும்புகிறேன். நான் தத்துவத்தை முறையாகப் பயின்றவன் அல்லன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் நல்லது கெட்டதைப் பற்றிய கேள்விகள் பட்டதாரிகளை மட்டும் தேடிக்கொண்டு வருவதில்லை.

*

என் தந்தையார் விழுப்புரம் சந்திப்பில் ரயில் எஞ்சினில் வேலை பார்த்தவர். முதலில் உதவி டிரைவர், பிறகு சரக்கு வண்டி டிரைவர். எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டது போதாது, வாயும் சொல்ல வேண்டும், இன்னொருவர் காதும் கேட்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் ஒழுங்கு. அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரயில்வே காலனித் தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, "சைக்கிள் வருது" என்பார். நானும் "சைக்கிள் வருது" என்று சொல்ல வேண்டும். சிறுவயதில் இது எனக்கு வேடிக்கையாகவும் வளர்ந்த பிறகு வெட்கமாகவும் இருந்தது. இன்றுதான் அதன் பொருள் விளங்குகிறது. மனிதனுடைய கவனம் தானாக நிற்கும் பொருள் அல்ல. அதை நிமிஷத்துக்கு நிமிஷம் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் வகுத்த ஒழுங்கு அது. ஜப்பானிய ரயில்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லுகிறார்கள்.

இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாட்ஸ்வொர்த் என்னும் இடத்தில் ஒரு பயணி ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் எதிரே வந்த சரக்கு ரயிலில் மோதியது. 25 பேர் இறந்தார்கள்; அவர்களில் அந்த ரயிலின் டிரைவரும் ஒருவர். விசாரணையில் வெளிப்பட்டது என்னவென்றால், மோதலுக்கு 22 விநாடிகளுக்கு முன்னால் அவர் தம் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தார். எஞ்சினில் அவர் தனியாக இருந்தார். "சிவப்பு" என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கார் ஓட்டுகிற நாம் எல்லோரும் அப்படித் தனியாக இருப்பவர்கள்தாம்.

மூன்று விநாடி என்று சொன்னேன். அது எவ்வளவு தூரம் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த பழைய நீல நிற ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, விநாடிக்கு ஒரு பெட்டி. வாசகியின் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று ரயில் பெட்டி நீளத்துக்கு அந்தக் கார் ஓட்டுகிறவன் இல்லாமலே ஓடியிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் மூன்று விநாடி ஒன்றுமில்லை. சாலையில் அது ஒரு தெருவின் நீளம்.

*

தமிழர்களுக்கு இந்த விஷயம் புதிது அன்று. நம்முடைய மிகப் பழைய நீதிக் கதைகளில் ஒன்று சாலை விபத்தைப் பற்றியது. திருவாரூர்த் தெருவில் இளவரசனுடைய தேர் போகிறது. ஒரு பசுங்கன்று துள்ளி ஓடி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தன் தேர்க்காலிலேயே கிடத்தி முறை செய்கிறான். இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் உயிர்ப்பிக்கிறார். பெரிய புராணத்தின் தொடக்கத்தில் சேக்கிழார் இதை விரித்துச் சொல்லுகிறார். திருவாரூரில் கல்தேர் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது.

சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கேட்டபோது அரசனுடைய பெருமைதான் மனத்தில் நின்றது. இப்போது படிக்கும்போது என் கண் இளவரசன் மேல் போகிறது. அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? கன்று ஒருவரும் அறியாதபடி திடீரென்று புகுந்துவிட்டது என்றே புராணம் சொல்லுகிறது. அவன் வேறு எதையும் வேடிக்கை பார்த்ததாகவோ அலட்சியமாக ஓட்டியதாகவோ அதில் இல்லை. ஆனாலும் கன்று இறந்ததும் அவன் துடித்துப் போகிறான். இதற்குப் பரிகாரம் உண்டானால் தந்தை அறிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று அந்தணர்களைத் தேடிப் புறப்படுகிறான். அமைச்சர்களும் அரசனிடம் பிராயச்சித்தத்தைத்தான் சொல்லுகிறார்கள். ஏதோ ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஏதோ ஒரு சடங்கைச் செய்துவிட்டு, விஷயத்தை முடித்துவிடலாம் என்பது அமைச்சர்களின் யோசனை. இன்றைய பாஷையில் சொன்னால், அபராதச் சீட்டு. அரசன் அதற்கு ஒப்பவில்லை.

இப்போது அந்த இளவரசனையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவன் மீது தவறு இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் உயிர் போய்விட்டது. என் மீது முழுத் தவறும் இருந்தது. ஓர் உயிரும் போகவில்லை. அவன் தேர்க்காலில் கிடந்தான். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டேன். எங்கள் இருவரில் குற்றவாளி யார்?

1976-ஆம் ஆண்டில் பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயரும் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கரும் இந்தக் கேள்வியைத் தத்துவ உலகத்தில் எழுப்பினார்கள். ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டா என்பது அவர்கள் விவாதம். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களிலும் வண்டி ஓட்டிகள் வருகிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. தன் மேல் தவறில்லாமல் ஒரு குழந்தையை ஏற்றிக் கொன்றுவிட்ட லாரி டிரைவரைப் பற்றி வில்லியம்ஸ் எழுதினார். 'உன் தவறு ஒன்றுமில்லை' என்று அவனைத் தேற்றுவது நம் கடமை. ஆனால் அந்தத் தேறுதலை அவன் மிகச் சுலபமாக ஏற்றுக்கொண்டுவிட்டால், அவனைப் பற்றி நமக்கே ஒரு சந்தேகம் எழும் என்பது அவர் கருத்து. குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனுடைய வண்டி நடைபாதையில் ஏறும்போது, அங்கே ஆள் இருந்தால் அவன் கொலைகாரன், இல்லாவிட்டால் வெறும் அஜாக்கிரதைக்காரன். இரண்டு நிலையிலும் அவன் செய்த காரியம் ஒன்றுதானே என்பது நேகல் எழுப்பிய கேள்வி.

நம் சட்டமும் விளைவைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். முதல் முறை ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் பெரும்பாலும் அது ஓர் அபராதச் சீட்டோடு முடிந்துவிடுகிறது. அதே கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. அந்தக் கிழவி இன்னும் ஒரே ஓர் அடி முன்னால் எடுத்து வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் நான் வேறு மனிதனாகியிருப்பேன். அவள் காலில் ஒரு முள் குத்தி, ஒரு கணம் நின்றதனால் நான் நல்லவனாகத் தப்பியிருக்கலாம். என் நல்ல பெயர் ஒரு முள்ளின் தயவில் நிற்கிறது!

சட்டம் இப்படிப் பார்ப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நடக்காததற்கெல்லாம் சிறை என்று ஆரம்பித்தால் வெளியே யாரும் மிஞ்ச மாட்டோம். இறந்தவருடைய குடும்பத்துக்கு நியாயம் செய்வது சட்டத்தின் வேலை. இறக்காதவருக்காக அது என்ன நியாயம் செய்ய முடியும்? ஆனால் மனச்சாட்சிக்கு அந்தச் சாக்கு இல்லை. சாலையில் நின்ற போலீஸ்காரர் பார்க்காததை அது பார்த்திருக்கிறது. விளைவு என் கையில் இல்லை. அது கிழவியின் கால் அடியைப் பொறுத்தது. என் கையில் இருந்தது குனிவதும் குனியாதிருப்பதும்தான். நான் குனிந்தேன். என் குற்றம் அந்த இடத்தில் முழுமையாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கடவுளும் கிழவியும் எனக்குச் செய்த தயவு.

*

என்னைப் போன்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் சில உண்டு. அவற்றையும் பார்த்துவிடலாம்.

'எனக்கு இருபது வருஷ அனுபவம். பேசிக்கொண்டே ஓட்டுவேன்' என்பது ஒன்று. 1997-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில், கைப்பேசி வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 பேருடைய பேச்சுக் கணக்குகளை இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கைப்பேசியில் பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று தெரிந்தது. பழகிய கை, பழகாத கை என்று விபத்து பேதம் பார்க்கவில்லை.

'நான் காதில் மாட்டிக்கொண்டுதான் பேசுகிறேன்; இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருக்கின்றன' என்பது இன்னொன்று. கையில் பிடிக்காத கைப்பேசியினாலும் பாதுகாப்பு ஒன்றும் கூடவில்லை என்று அந்த டொராண்டோ ஆராய்ச்சியே சொல்லிற்று. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கைப்பேசியில் உரையாடிக்கொண்டிருந்தவர்கள் சிவப்பு விளக்கைத் தவறவிடுவது இரண்டு மடங்காயிற்று. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் அதே கதைதான்.

இந்தச் செய்தி ஒரு கதாசிரியனுக்கு வியப்பளிக்கக் கூடாது. ஒரு குரலைக் கேட்கச் செய்து, கேட்பவனை அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விடுவதுதானே எங்கள் தொழில்! அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் கதை படித்தேன் என்று யாராவது எழுதினால் நாங்கள் மகிழ்ந்து போகிறோம். கண் திறந்திருக்கிறது, பால் பொங்குவதும் கண்ணில் படுகிறது, ஆனால் பார்க்கிறவர் அங்கே இல்லை. கைப்பேசியில் பேசுகிற டிரைவரும் அப்படித்தான். அவர் கண் விக்கிரவாண்டிச் சாலையில் இருக்கிறது. அவர் சென்னையில் ஒரு ஆபீஸ் அறையிலோ, கடலூரில் ஒரு கல்யாண வீட்டிலோ இருக்கிறார்.

'அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசலாமா?' என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. எதிரே லாரி வந்தால் அவர் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. சில சமயம், "பாத்து, பாத்து" என்று நமக்கு முன்னால் அவரே கத்திவிடுகிறார். என் தந்தையாரின் எஞ்சினில் இருந்த இரண்டாவது ஆள் அவர். கைப்பேசியில் பேசுகிற நண்பருக்கு லாரியும் தெரியாது, கிழவியும் தெரியாது. அவர் பாட்டுக்குக் கடிதத்தைப் படித்துக்கொண்டே போகிறார்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அன்று மாலை திண்டிவனம் பேருந்து நிலையத்தின் அருகே டீக்கடையில், காய்கறி ஏற்றும் வேன் ஓட்டுகிற ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். காலையில் நடந்ததை அரைகுறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு என்ன சார், எடுக்காம இருந்துடலாம். எங்களுக்கு ஓனர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தபா அடிப்பாரு, எங்க வர்றே, எங்க வர்றேன்னு. எடுக்கலேன்னா தூங்குறான்னு நெனைப்பாரு. ரெண்டு தடவ எடுக்கலேன்னா மறுநா வேற ஆள் வண்டிய எடுப்பான்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரே குற்றந்தான்; ஆனால் நான் புகழுக்காகச் செய்ததை அவர் சோற்றுக்காகச் செய்கிறார். அவருடைய காதில் ஒலிக்கும் மணியை அடிக்கிறவர், மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, கைப்பேசியை எடுக்கிறவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பாதி நியாயந்தான். அழைக்கிறவனுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அழைப்பவன் முதலாளியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அன்று நான் சாலையோரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி மணியடித்தது, என் தமக்கை. "எங்கடா வந்துட்டிருக்கே? மூணு தடவை போன் பண்ணிட்டேன், லைன் பிஸின்னே வருது" என்றாள். அவளுக்கு என் மேல் உயிர். தம்பி பத்திரமாக வந்துகொண்டிருக்கிறானா என்ற கவலையினாலேயே, வண்டி ஓட்டுகிற தம்பியை அவள் மூன்று முறை அழைத்திருக்கிறாள். நம் வீடுகளில் தாய்மார்களும் மனைவிமார்களும் தினமும் செய்வது இதைத்தான். அன்பு எப்போதும் நல்ல பலனைத்தான் தரும் என்று நாவல்களில் எழுதுகிறோம். சாலையில் அது அப்படி இல்லை. "வண்டி ஓட்டறியா? அப்போ வெச்சுடு" என்று சொல்லப் பழகுவதும் ஓர் அன்புதான்.

*

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்லுகிறது. நாளொன்றுக்கு நானூற்றறுபதுக்கும் மேல். அந்த ஆண்டு மற்ற எந்த மாநிலத்தைவிடவும் அதிக எண்ணிக்கையில் விபத்துகள் நேர்ந்தது நம் தமிழ்நாட்டில்தான்: 64,105. இவற்றில் எத்தனை கைப்பேசியால் நேர்ந்தவை? கணக்கில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை யார் உண்மையாக நிரப்புவார்கள்? இறந்தவர் சொல்ல முடியாது. பிழைத்தவர் சொல்ல மாட்டார். என்னைக் கேட்ட ஒரே ஒரு சாட்சியிடம் நான் என்ன சொன்னேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே!

நான் சொல்லும் இந்தச் சாலை பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை. 2019 பிப்ரவரி 23-ஆம் தேதி விடியற்காலையில், விழுப்புரம் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த எஸ். இராசேந்திரன் அவர்கள் திண்டிவனத்துக்கு அருகே கார் சாலைத் தடுப்பில் மோதி இறந்துபோனார். அந்த விபத்துக்கும் கைப்பேசிக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஒரு தொகுதியே தேர்ந்தெடுத்து அனுப்பிய மனிதருக்கும் ஒரு கணம் போதும் என்பதற்காகச் சொல்லுகிறேன். முண்டியம்பாக்கத்தில், இந்தச் சாலையின் ஓரத்திலேயே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் ஆரம்பித்த திட்டத்தையும், இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைத்தார்கள். நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவையெல்லாம் நடந்த பிறகு செய்யக்கூடியவை. நடப்பதற்கு முன்னால் செய்யக்கூடியதைச் செய்ய ஒருவன்தான் இருக்கிறான். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

என்னை மிகவும் உறுத்துவது எது என்று யோசித்துப் பார்த்தேன். உயிரைப் பணயம் வைத்ததா? இல்லை. மலையேறுகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். கடலில் வலை வீசுகிறவனும் வைக்கிறான். அவர்களை நாம் குற்றம் சொல்வதில்லை. அந்தப் பணயம் அவர்களுடையது. வருகிற லாபமும் அவர்களுடையது. நான் வைத்த பணயமோ என்னுடையது அன்று. காரில் நான் இரும்புக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோதியிருந்தாலும் எனக்கு நெற்றியில் ஒரு வீக்கத்துக்கு மேல் வந்திருக்காது. புகழ்ச்சியைக் கேட்கும் சுகம் எனக்கு. சாகும் அபாயம் அவளுக்கு. இந்தப் பேரத்தை அவளிடம் நான் கேட்கவில்லை. அவளுக்கு அந்தச் சாலையால் ஆன லாபம் என்ன? வீடு ஒரு பக்கம், கொல்லை மறு பக்கம் என்று அவள் ஊரை அது இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது. மாட்டுக்குக் கொடி கொண்டுபோக வேண்டுமானால் அவள் என்னைப் போன்றவர்களுடைய கவனத்தை நம்பித்தான் இறங்க வேண்டும். யாரோ முன்பின் தெரியாத ஒருவன் தன்னைப் பார்ப்பான் என்று நம்பி அவள் காலை எடுத்து வைத்தாள். அந்த நம்பிக்கையை நான் அறியாமலே தின்றுவிட்டேன்.

திருவள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஐம்பத்து நான்காவது அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. கடமையை மறந்து சோர்ந்திருத்தல். அந்த அதிகாரத்தை எடுத்த எடுப்பிலேயே அவர் சொல்லுவது, பெருமகிழ்ச்சியில் பிறக்கிற மறதி அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது என்பது. கோபக்காரனைக் கண்டால் உலகம் ஒதுங்கிக்கொள்ளும்; அவனுக்கே தன் கோபம் தெரியும். மகிழ்ச்சியில் மறந்தவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. அவன் சிரித்துக்கொண்டு வருவான். அன்று காலை நான் யார் மேலும் கோபப்படவில்லை. குடித்திருக்கவில்லை. யாரோடும் போட்டி போட்டு ஓட்டவில்லை. சந்தோஷமாக இருந்தேன். என் கற்பனைப் பெண்ணுக்காக ஒரு வாசகி அழுதாள் என்று கேட்டுப் பூரித்துப் போயிருந்தேன். அந்தப் பூரிப்பில், உயிரும் சதையுமாக எதிரே நின்ற ஒரு பெண் என் கண்ணில் படவில்லை.

இப்போது வண்டியில் ஏறியதும் கைப்பேசியை அணைத்துப் பின் ஆசனத்தில் பைக்குள் போட்டுவிடுகிறேன். இதைப் பெரிய காரியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தாமதமாகச் செய்கிற காரியத்தில் பெருமை என்ன இருக்கிறது? தனியாகப் போகும்போது, அப்பாவின் வழக்கப்படி, "சைக்கிள் வருது", "மாடு வருது" என்று உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்கிறவர்கள் சிரிக்கலாம். திருப்பிச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

இரண்டு முறை அந்த இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றேன். அந்தக் கிழவியைக் காணவில்லை. பெயர் தெரியாது, ஊரும் சரியாகத் தெரியாது. கண்டிருந்தால் அவளிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். இதை அவள் படிக்கப் போவதில்லை என்பது தெரியும். படிக்கத் தெரிந்த யாரேனும் அவள் வீட்டில் இருக்கலாம்.

ஆயா, அன்று நான் உங்களிடம் சொன்னது பொய். என் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை.